விட்டு விட்டு வரும் தீப்பொறி: பழைய சங்கிலி ரம்பங்களைச் சோதிக்கும் முறை

கோடரியையும், இருவர் எதிரெதிரே நின்று இழுக்கும் ரம்பத்தையும் நம்பியிருந்த நமது கிராமங்களில் இப்பொழுது பெட்ரோலினால் ஓடும் சங்கிலி ரம்பம் சாதாரணமாகக் காணப்படுகிறது. தென்னை, சவுக்கு, வேம்பு, சீமைக் கருவேல் முதலிய மரங்களை அறுப்பதற்கு இதனைப் போல் விரைவில் வேலை முடிக்கும் சாதனம் வேறில்லை. ஜெர்மனி தேசத்தில் ஆந்திரேயாஸ் ஸ்டீல் என்பவர் 1926-ம் ஆண்டில் மின்சாரத்தினால் ஓடும் சங்கிலி ரம்பத்தையும், எமில் லெர்ப் என்பவர் 1927-ம் ஆண்டில் பெட்ரோலினால் ஓடுவதையும் வெளியிட்டனர். அதன் பின்னர் இந்த யந்திரம் உலகெங்கும் பரவிற்று.

அவசர காலங்களில் இதன் உபயோகம் எத்தகையது என்பதைக் காவேரிப் பாசனப் பகுதியில் வசிப்போர் நன்கறிவர். 2018-ம் ஆண்டு நவம்பர் 16-ம் தேதி கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது, பட்டுக்கோட்டை, பேராவூரணி முதலிய இடங்களில் தென்னந்தோப்புகள் அடியோடு சாய்ந்தன. விழுந்த மரங்களை அறுத்து அகற்றாவிடில் பாதையும் திறவாது. புதுக் கன்று நடுவதற்கு இடமும் கிடைக்காது. அன்றியும், மட்கும் தென்னந்தண்டில் காண்டாமிருக வண்டு பெருகி, எஞ்சி நிற்கும் மரங்களின் குருத்தையும் துளைத்துவிடும். அத்தகைய வேளையில் பத்து நிமிஷம் ஓடி நின்று, பின்பு மனம் போனபடி மீண்டும் கிளம்பும் யந்திரம் ஒன்றை வைத்துக்கொண்டு குடியானவர் படும் துன்பம் சொல்லி முடியாது. ஆகவே இக்கோளாற்றை முறைப்படி கண்டுபிடிக்கும் வழியை அங்கத்தினர்கள் அறிந்திருப்பது நலம்.

முழுக் கோளாறும் அரைக் கோளாறும்

முழுவதும் ஓடாமற்போன யந்திரத்தைச் சோதிப்பது எளிது. குற்றம் எப்பொழுதும் கண்முன் இருக்கிறது. விட்டு விட்டு வரும் கோளாறோ அப்படியன்று. தோப்பில் நின்றுபோன ரம்பத்தைப் பட்டணத்துப் பட்டறைக்கு எடுத்துச் செல்லும்பொழுது அது ஆறிவிடுகிறது. அங்கே ஒரே இழுப்பில் கிளம்புகிறது. குற்றம் இன்னதென்று காணாமலே பிளக்கை மாற்றுகிறார்கள். அடுத்த முறை காயிலை மாற்றுகிறார்கள். அதற்கும் அடுத்த முறை கார்புரேட்டரைக் கழற்றுகிறார்கள். பணம் செலவாகிறது; கோளாறு அப்படியே இருக்கிறது. இதனின்று நாம் கற்கவேண்டிய முதல் விதி யாதெனில், கோளாறு நிகழும் அந்தத் தருணத்திலேயே, அந்த இடத்திலேயே சோதிக்கவேண்டும் என்பதாம். இரண்டாவது விதி, ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்யவேண்டும் என்பது. இரண்டு பாகங்களை ஒருங்கே மாற்றினால் எதனால் குணமாயிற்று என்பது தெரியாமற்போகும்.

தீப்பொறி உண்டாகும் விதம்

சங்கிலி ரம்பத்தில் பாட்டரி கிடையாது. அதன் மின்சாரத்தை அதுவே உண்டாக்கிக்கொள்கிறது. இழுகயிற்றின் பின்புறம் இருக்கும் பிளைவீல் என்னும் கனத்த சக்கரத்தில் காந்தங்கள் பதிக்கப்பட்டிருக்கின்றன. அச்சக்கரம் சுழலும்போது காந்தங்கள் காயில் என்னும் கம்பிச் சுருளைக் கடந்து செல்கின்றன. காயிலில் தடித்த கம்பியாலான உட்சுற்றும், அதன் மேல் மயிரிழை போன்ற கம்பியால் பல்லாயிரம் சுற்றுக்கள் கொண்ட வெளிச்சுற்றும் உண்டு. காந்தம் கடக்கும்போது உட்சுற்றில் மின்சாரம் பாய்கிறது. அந்தப் பாய்ச்சல் உச்ச நிலையில் இருக்கும்போது அதனைத் திடீரென்று துண்டித்தால், வெளிச்சுற்றில் பல ஆயிரம் வோல்ட் கிளம்பிப் பிளக்கின் முனையில் பொறியாகத் தாவுகிறது. உயர்ந்த வோல்ட்டில் பொறி தரும் இத்தகைய காந்த யந்திரத்தை 1902-ம் ஆண்டில் ஜெர்மனியில் ராபர்ட் பாஷ் அவர்களின் தொழிற்சாலையில் பணி புரிந்த காட்லோப் ஹோனால்ட் என்பவர் உருவாக்கினார்.

பழைய ரம்பங்களில் அவ்விதம் துண்டிக்கும் வேலையைச் செய்வது, நமது மெக்கானிக்குகள் பிளாட்டினம் என்று அழைக்கும் இரண்டு சிறு முனைகள். அவை திறக்கும்போது முனைகளுக்கு நடுவிலேயே பொறி தோன்றி வீணாகாதபடி தடுப்பது கண்டென்சர் என்னும் சிறு குப்பி. 1970-ம் ஆண்டுகளுக்குப் பின்னர் செய்யப்பட்ட ரம்பங்களில் படிப்படியாக இவ்விரண்டும் நீக்கப்பட்டு, எலெக்ட்ரானிக் அமைப்பு காயிலோடு சேர்த்தே வைக்கப்பட்டது. ரம்பத்தின் என்ஜின் நிமிஷத்துக்கு 6,000 சுற்று சுழலும்பொழுது விநாடிக்கு 100 பொறி வேண்டும். அவற்றுள் சில தவறினாலும் ரம்பம் இருமுகிறது. தொடர்ந்து தவறினால் நின்றுவிடுகிறது.

பொறியின் குற்றமா, பெட்ரோலின் குற்றமா?

ரம்பம் நின்றவுடன் முதலில் தீர்மானிக்கவேண்டிய விஷயம் இதுவே. பெட்ரோல் குற்றத்தைப் பொறியின் குற்றமென்று மயங்குவோர் பலர்.

பெட்ரோல் தொட்டிக்குள் காற்று செல்வதற்கு ஒரு சிறு துவாரம் உண்டு. அது தூசியால் அடைபட்டால், பெட்ரோல் குறையக் குறையத் தொட்டிக்குள் வெற்றிடம் ஏற்பட்டு, சிறிது நேரத்தில் ரம்பம் நிற்கும். ஆறவிட்டால் காற்று மெல்ல உட்புகுந்து மீண்டும் ஓடும். சூடேறிய காயிலின் குற்றமும் இவ்வாறே தோன்றும். இவ்விரண்டையும் பிரித்தறிய, ரம்பம் நின்றவுடன் அது சற்றுச் சூடு தணிந்ததும் தொட்டியின் மூடியை மெல்லத் தளர்த்திப் பார்க்கவேண்டும். காற்று உள்ளிழுக்கும் ஓசை கேட்டு, மூடியை இறுக்கியபின் ரம்பம் கிளம்பினால் குற்றம் துவாரத்தில் இருக்கிறது, காயிலைத் தொடவேண்டியதில்லை.

அடுத்தபடியாகப் பிளக்கைக் கழற்றிப் பார்க்கவேண்டும். முனை நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறி வரவில்லை என்று ஊகிக்கலாம். முற்றும் உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை என்பது பெரும்பாலும் உண்மை. இந்நாளில் விற்கப்படும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால், பழைய ரம்பங்களின் ரப்பர்க் குழாயும் கார்புரேட்டரின் ஜவ்வும் விரைவில் கெடக்கூடும் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. மரத்தில் வைக்காமல் முழு வேகத்தில் ஓட்டும்போது சில ரம்பங்கள் தடதடவென்று விட்டு விட்டு ஒலிக்கும். மரத்தில் வைத்து அழுத்தியவுடன் ஓசை சீராகிவிடும். இது பெட்ரோல் சற்று மிகுதியாகச் செல்வதன் அடையாளமேயன்றிப் பொறியின் குற்றமன்று. அளவோடிருந்தால் அது யந்திரத்துக்கு நன்மையே.

சோதனைக்கு முன் செய்யவேண்டிய எச்சரிக்கை

பழைய ரம்பங்கள் பலவற்றில் சங்கிலியை நிறுத்தும் பிரேக் கிடையாது. ஆகையால் சோதனை தொடங்குமுன் சங்கிலியையும் அது ஓடும் தகட்டையும் கழற்றி வைத்துவிடவேண்டும். கழற்ற முடியாத இடத்தில் அதன் உறையையாவது மாட்டவேண்டும். பிளக் கழற்றிய துவாரத்தின் வழியே பெட்ரோல் ஆவி பீச்சியடிக்கும்; அதன் அருகில் பொறியைக் காட்டினால் தீப்பற்றும். ஆதலால் முதலில் பொறி ஏதுமின்றி, அதாவது ஸ்விட்ச்சை நிறுத்த நிலையில் வைத்து, நாலைந்து முறை கயிற்றை இழுத்து உள்ளிருக்கும் பெட்ரோலை வெளியேற்றி, துவாரத்தைத் துணியால் மூடி, சிந்தியதைத் துடைத்த பின்னரே பொறியைப் பார்க்கவேண்டும். உயர்ந்த வோல்ட் உள்ள கம்பியைக் கையால் பற்றலாகாது. ரப்பர் உறையிட்ட குறடு கொண்டே பிடிக்கவேண்டும்.

பொறியைப் பார்க்கும் விதம்

பிளக்கைக் கம்பியில் மாட்டி, அதன் இரும்பு உடல் சிலிண்டரின் மேல் நன்றாகப் படியும்படி, துவாரத்துக்கு எட்டி வைத்து, ஸ்விட்ச்சை ஓடும் நிலைக்கு மாற்றி, நிழலில் கயிற்றை வேகமாக இழுக்கவேண்டும். நீலம் கலந்த வெண்மையான பொறி படீரென்று தாவினால் நல்லது; மெல்லிய மஞ்சள் பொறி வலிமையற்றது.

ஆனால் வெளிக்காற்றில் பொறி தாவுவதைக் கண்டு ஏமாந்துவிடக்கூடாது. சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்பட்டிருக்கும்போது பொறி தாவுவது அதிகக் கடினம். எனவே பழைய பிளக் ஒன்றின் முனையை வளைத்து 3 அல்லது 4 மில்லிமீட்டர் இடைவெளி வைத்து, அதனைச் சோதனைக்கென்றே சங்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. அந்த இடைவெளியையும் பொறி தாவினால் காயில் வலிமையுள்ளது எனலாம். ரம்பம் ஆறியிருக்கும்போது ஒருமுறையும், நின்றவுடன் சூட்டோடு ஒருமுறையும் இச்சோதனையைச் செய்து ஒப்பிடவேண்டும். இந்த ஒப்பீடே இக்கோளாற்றுக்குத் திறவுகோல்.

சோதிக்கும் வரிசை

செலவில்லாததிலிருந்து செலவுள்ளதற்குச் செல்வதே முறை.

1. பிளக். கரி படிந்தோ எண்ணெய் பூசியோ இருந்தால் பெட்ரோலில் கழுவிப் பித்தளைத் தூரிகையால் துடைக்கலாம். பீங்கான் பகுதியில் மயிரளவு கீறல் இருந்தாலும் எறிந்துவிடவேண்டும். அக்கீறல் சூட்டில் விரிந்து பொறியைத் திருடும். முனைகளின் இடைவெளி சாதாரணமாக 0.5 மில்லிமீட்டர். பிளக்கில் அடிக்கடி எண்ணெய் படிந்தால் கலவையை விசாரிக்கவேண்டும். லிட்டருக்கு 40 மில்லி எண்ணெய் என்பது 25-க்கு 1. 20 மில்லி என்பது 50-க்கு 1. யந்திரம் செய்தோர் குறித்த அளவையே பின்பற்றவேண்டும்.

2. பிளக் கம்பியும் மூடியும். மூடிக்குள் இருக்கும் சுருள் கம்பி துருப்பிடித்தோ தளர்ந்தோ இருந்தால், ரம்பம் அதிரும்போது தொடர்பு அறுந்து அறுந்து சேரும். மேலுறை வெடித்திருந்தால் மழை நாளிலும் பனிக் காலையிலும் பொறி உடலுக்குக் கசியும். இருட்டில் ஓட்டிப் பார்த்தால் கசியும் இடத்தில் நீலநிறச் சிறு பொறிகள் தெரியும்.

3. நிறுத்தும் ஸ்விட்ச்சின் கம்பி. மிகப் பலர் மறந்துவிடுவது இதனையே. ரம்பத்தை நிறுத்துவதற்காக, உட்சுற்றின் மின்சாரத்தை உடலுக்குத் திருப்பிவிடும் மெல்லிய கம்பி ஒன்று காயிலிலிருந்து ஸ்விட்ச்சுக்குச் செல்கிறது. அதன் உறை எங்கேனும் தேய்ந்து இரும்பில் உராய்ந்தால், ரம்பத்தைச் சாய்க்கும்போதும் அதிரும்போதும் தானே நின்றுவிடும். சந்தேகம் தீர, அக்கம்பியைக் காயிலின் பக்கத்தில் தற்காலிகமாகக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்க்கலாம். அப்பொழுது ஸ்விட்ச் வேலை செய்யாது. சோக்கை முழுதும் மூடியே நிறுத்தவேண்டும். கோளாறு மறைந்தால் கம்பியைப் புதுப்பிக்கவேண்டும். "இப்படியே நன்றாக ஓடுகிறதே" என்று அதனைக் கழற்றிய நிலையிலேயே வேலைக்கு அனுப்புவது பெருந்தவறு. விபத்து நேரும்போது நிறுத்த முடியாத ரம்பம் உயிருக்கே இறுதியாய் முடியும்.

4. பிளாட்டினம் முனைகள். பல மாதம் பயன்படாமல் கிடந்த ரம்பத்தில் முனைகளின் மேல் ஆடை போன்ற மாசு படியும். அதனால் ஒரு சமயம் பொறி வரும், ஒரு சமயம் வராது. முனைகள் பெரும்பாலும் பிளைவீலின் அடியில் இருக்கும். சில யந்திரங்களில் சக்கரத்திலுள்ள துவாரத்தின் வழியே அவற்றைக் காணலாம். மற்றவற்றில் புல்லர் என்னும் கருவியால் சக்கரத்தைக் கழற்றவேண்டும். சுத்தியால் சக்கரத்தை அடித்தால் காந்தமும் அச்சும் கெடும். மாசினை மிக நைசான உப்புத் தாளால் இலேசாகத் தேய்த்து, பின்பு சுத்தமான வெள்ளைக் காகிதத்தை முனைகளுக்கிடையே வைத்து, அழுக்குப் படியாதவரை இழுத்துத் துடைக்கவேண்டும். முனைகள் முற்றும் திறந்த நிலையில் இடைவெளி பெரும்பான்மையான ரம்பங்களில் 0.35 முதல் 0.4 மில்லிமீட்டர் வரை இருக்கும். இதனைப் பில்லர் கேஜால் அளக்கவேண்டும். இடைவெளி கூடினால் பொறி முந்தியும், குறைந்தால் பிந்தியும் வரும். துடைத்த சில நாட்களிலேயே முனைகளில் மீண்டும் எண்ணெய் காணப்பட்டால், அச்சைச் சுற்றியுள்ள எண்ணெய்த் தடுப்பு வளையம் தேய்ந்துவிட்டது. அதை மாற்றாமல் முனைகளைத் துடைப்பது பயனற்றது.

5. கண்டென்சர். முனைகள் கருகியும் குழி விழுந்தும் இருந்தால் இதன் மேல் சந்தேகம் கொள்ளலாம். ஆறியிருக்கும்போது நன்றாயிருந்து சூட்டில் கெடுவது இதன் இயல்பு. விலை குறைந்த பொருளாதலால், முனைகளைப் புதுப்பிக்கும்போதே இதனையும் மாற்றிவிடுவது வழக்கம். ஒருங்கே இரண்டை மாற்றலாகாது என்ற விதிக்கு இஃதொன்றே விலக்கு.

6. காயிலும் அதன் இடைவெளியும். காயிலின் இரும்புக் கால்களுக்கும் சக்கரத்துக்கும் இடையே சுமார் 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர் இருக்கவேண்டும். தடித்த விஸிட்டிங் கார்டு ஒன்றை நடுவே வைத்து, காந்தம் காயிலை இழுத்துப் பிடிக்கும்படி விட்டுத் திருகுகளை இறுக்குவது பட்டறைகளில் வழங்கும் முறை. இரும்புக் கால்களில் துரு இருந்தால் முதலில் அதனைத் தேய்த்து நீக்கவேண்டும். மல்டிமீட்டரால் அளந்தால், முனைகள் உள்ள பழைய காயிலின் உட்சுற்று ஓரிரு ஓம் அளவிலும், வெளிச்சுற்று சில ஆயிரம் ஓம் அளவிலும் காணப்படும். ஆனால் ஆறிய காயிலில் கணக்குச் சரியாக இருப்பது நிரபராதி என்பதற்குச் சான்றாகாது. உள்ளே உறை பழுதான காயில், சூடேறி விரியும்போதே பொறியை உள்ளுக்குள் கசியவிடும். ஆறியபோது வலிய பொறியும், சூட்டோடு சோதிக்கும்போது பொறியின்மையும் கண்டு, மேலே கூறியவை யாவும் சரியாக இருந்தால் மட்டுமே காயிலை மாற்றவேண்டும்.

7. சக்கரத்தின் கீ. சக்கரத்தையும் அச்சையும் பிணைக்கும் இச்சிறு இரும்புத் துண்டு பாதி அறுந்தால், சக்கரம் சற்று நகர்ந்து பொறி தவறான வேளையில் வரும். கயிறு கையைப் பின்னோக்கி வெடுக்கென்று இழுப்பதும், கார்புரேட்டரின் வழியே வெடியோசை கேட்பதும் இதன் அறிகுறிகள்.

எலெக்ட்ரானிக் அமைப்புள்ள ரம்பங்களில் 4-ம், 5-ம் இலக்கங்கள் இல்லை. மற்றவை யாவும் பொருந்தும். அவற்றில் காயில் பழுதுபட்டால் முழுவதையும் மாற்றவேண்டியதே. முனைகளும் கண்டென்சரும் கடையில் கிடைக்காத பழைய ரம்பங்களுக்கு, அவற்றுக்குப் பதிலாகப் பொருத்தும் சிறு எலெக்ட்ரானிக் கருவிகள் விற்கப்படுகின்றன. காயில் நல்ல நிலையில் இருந்தால் மட்டுமே அவை பயன் தரும்.

சங்கத்தின் பதிவுப் புத்தகம்

ஒருவருக்கே சொந்தமான ரம்பத்தின் குணம் அவருக்குத் தெரிந்திருக்கும். பலர் முறை வைத்து எடுத்துச் செல்லும் பொது யந்திரத்திலோ, ஒவ்வொருவரும் கோளாற்றின் ஒரு துண்டை மட்டுமே காண்கிறார். ஒருவர் "நண்பகலில் நின்றது" என்கிறார். மற்றொருவர் "எனக்கு நன்றாகத்தான் ஓடிற்று" என்கிறார். முடிவில் கடைசியாக எடுத்துச் சென்றவர் மேல் பழி விழுகிறது. பொதுச் சொத்தின் பழுது அங்கத்தினரிடையே மனக்கசப்பாக மாறுவது இவ்விதமே.

இதனைத் தவிர்க்க, ரம்பத்தோடு கூடவே ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தை வைப்பது உத்தமம். யந்திரம் நிற்கும்போதெல்லாம் எடுத்துச் சென்றவர் ஐந்து விஷயங்களைக் குறிக்கவேண்டும்: எத்தனை நிமிஷம் ஓடிய பின் நின்றது, வெயிலா, மழையா, பனியா, சாய்த்துப் பிடித்தபோதா, நேராக இருந்தபோதா, பிளக் நனைந்திருந்ததா, உலர்ந்திருந்ததா, எவ்வளவு நேரம் ஆறியபின் கிளம்பிற்று. இக்குறிப்புகள் பத்து சேர்ந்தால் கோளாறு தன் பெயரைத் தானே சொல்லிவிடும். எப்பொழுதும் சுமார் 15 நிமிஷத்தில் நின்றால் காயில், கண்டென்சர் அல்லது தொட்டியின் துவாரம். சாய்க்கும்போது நின்றால் கம்பி. ஈரத்தில் நின்றால் மூடியும் மேலுறையும். நெடுநாள் கிடந்தபின் தொல்லை தந்தால் முனைகள். மெக்கானிக்கிடம் அனுப்பும்போது இப்புத்தகத்தையும் கூட அனுப்பினால், அவர் ஊகித்து மாற்றவேண்டியதில்லை, பார்த்து மாற்றுவார்.

சோதனைக்கென ஒரு பிளக், ஒரு பில்லர் கேஜ், ஒரு பித்தளைத் தூரிகை, ஒரு சிறு மல்டிமீட்டர், இந்த நோட்டுப் புத்தகம் ஆகிய இவ்வளவே இதற்கு வேண்டிய முதலீடு. புயலும் மழையும் வருவதற்கு முன்னதாகவே, ஐப்பசி பிறக்குமுன் ஒருநாள் ரம்பத்தை அரைமணி நேரம் தொடர்ந்து ஓட்டி, சூட்டோடு பொறியைச் சோதித்து, ஸ்விட்ச் உடனே நிறுத்துகிறதா என்பதையும் பார்த்து வைக்கும் சங்கம், சாலையின் குறுக்கே மரம் விழுந்த இரவில் ரம்பத்தை நம்பிக் கையிலெடுக்கலாம்.